விளையாட்டு மைதானமும் சர்க்கார் பணமும்

(இரும்பையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



விளையாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி இவ்வூர் இளைஞர்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விளையாட்டுக்கு ஒரு கூட்டமா, அதற்கு ஒரு மேடையா என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். ஜாதியையும் மூடநம்பிக்கையையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுப் பந்தையும் மட்டையையும் பற்றிப் பேச வந்துவிட்டானே என்றும் நினைக்கக் கூடும். தோழர்களே! இது பந்தைப் பற்றிய சங்கதியல்ல. உங்கள் வரிப்பணத்தைப் பற்றிய சங்கதி. அந்தப் பணத்தால் ஏற்படுகிற மைதானத்தில் யார் கால் வைக்கலாம், யார் வைக்கக் கூடாது என்கின்ற சங்கதி. நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து பார்த்துச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1992ம் வருஷத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, பஞ்சாயத்துகளுக்கென்று ஒரு பட்டியலும் நகரசபைகளுக்கென்று ஒரு பட்டியலும் சேர்த்தார்கள். நகரசபைப் பட்டியலில் 18 இனங்கள். அதில் 12வது இனம் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் என்பது. பஞ்சாயத்துப் பட்டியலில் 29 இனங்கள். அதில் கோழி வளர்ப்பு இருக்கிறது, மீன் வளர்ப்பு இருக்கிறது, சந்தை இருக்கிறது. விளையாட்டு மைதானம் என்கிற வார்த்தையைத் தேடினாலும் அகப்படாது. பட்டணத்துப் பிள்ளைக்குக் கால் இருக்கிறது, கிராமத்துப் பிள்ளைக்குக் கால் இல்லையா? அவன்தான் மாடு மேய்க்கும்போது ஓடுகிறானே, அது போதாதா என்று நினைத்தார்கள் போலும்!

நம் தமிழ்நாட்டு 1994ம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தைப் பார்த்தாலும் வேடிக்கைதான். ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய காரியங்களை 110வது பிரிவு சொல்லுகிறது. ரோடு, விளக்கு, சாக்கடை, குடிதண்ணீர் இவைகளோடு இடுகாடு, சுடுகாடும் அதில் உண்டு. அடுத்த 111வது பிரிவு, பணம் இருந்தால் செய்யலாம் என்கிற காரியங்களைச் சொல்லுகிறது. விளையாட்டு மைதானம் இந்த இரண்டாவது பிரிவில் இருக்கிறது. அதாவது செத்தவனுக்கு இடம் கொடுப்பது கடமை. உயிரோடிருப்பவன் ஓடியாட இடம் கொடுப்பது இஷ்டம். அந்தச் சுடுகாட்டிலும் ஜாதிக்கொன்றாகப் பிரித்து வைத்திருக்கிற யோக்கியதை நம்முடையது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

நிற்க, பணம் கொடுக்கவில்லையா என்றால், கொடுக்காமலில்லை. டில்லி சர்க்கார் 2025-26ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் இளைஞர் நலம், விளையாட்டு இரண்டுக்குமாக ஒதுக்கியது ஏறக்குறைய 3,794 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றும். 140 கோடி ஜனங்களுக்குப் பங்கு போட்டுப் பாருங்கள். தலைக்கு 27 ரூபாய் தேறும். இரண்டு வேளை டீக்காசு. அதுவும் வருஷம் முழுமைக்கும்!

கிராமங்களுக்கென்று வந்த திட்டங்களும் கொஞ்சமல்ல. 2006 முதல் 2011 வரையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று, ஊராட்சிக்கு 20 லட்சம் வீதம் கொடுத்து, ரோடு, குளம் முதலியவைகளோடு நூலகமும் விளையாட்டு மையமும் ஏற்படுத்தினார்கள். 2008ல் டில்லி சர்க்கார் "பஞ்சாயத்து யுவ கிரீடா அவுர் கேல் அபியான்" என்று வாயில் நுழையாத பெயரில் ஒன்று கொண்டுவந்தது. வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு ஊராட்சிகள் வீதம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் மைதானம் அமைக்க ஒரு லட்சம் ரூபாய் கொடுப்பது, மைதானத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவரைப் போட்டு அவருக்குச் சொற்ப ஊதியம் கொடுப்பது என்பது அதன் ஏற்பாடு. ஏற்பாடு நல்லதுதான். எல்லா ஊரையும் சுற்றி வருவதற்குள் 2014ல் அதன் பெயர் மாறிற்று; பிறகு "கேலோ இந்தியா" என்பதற்குள் அதுவும் கரைந்து போயிற்று. 2019ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் அறிவித்தார்கள். 2024ல் கலைஞர் பெயரால் 33 வகை விளையாட்டுச் சாமான்களை, 86 கோடி ரூபாய்ச் செலவில், 12,525 ஊராட்சிகளுக்கும் கொடுக்கிற திட்டம் வந்தது. ஊராட்சிக்கு ஏறக்குறைய 68,000 ரூபாய் ஆகிறது. யார் கொடுத்தாலும் நமக்குச் சந்தோஷமே. நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டு வரவில்லை. ஆனால் ஆட்சி மாறும் தோறும் பெயர்ப்பலகை மாறுகிறதே தவிர, பழைய பலகையின் கீழே போட்ட மைதானத்தில் புல் வெட்டுவதற்கு யாருக்காவது பணம் வந்ததா? பல ஊர்களில் கம்பத்தை நட்டார்கள். வலை ஒரு மழைக்குத் தாங்கவில்லை. கம்பத்தில் இப்பொழுது ஆடு கட்டுகிறார்கள்.

சாமான் கொடுப்பது சுலபம். சாமானைக் கொடுக்கும்போது போட்டோ எடுக்கலாம். நிலம் கண்டுபிடிப்பது கஷ்டம். அதில் ஆக்கிரமித்திருக்கிற பெரிய மனிதரை எழுப்ப வேண்டும். மைதானத்தைக் காக்க ஒரு ஆளை வைப்பது அதைவிடக் கஷ்டம்; அவருக்கு மாதா மாதம் சம்பளம் கொடுக்க வேண்டும், அதைப் போட்டோ எடுக்க முடியாது. ஆகவே நிலமுமில்லை, ஆளுமில்லை. பீரோவுக்குள் பந்து மாத்திரம் இருக்கிறது. சாவியோ தலைவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. தலைவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே அந்தப் பந்து!

பரிசுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டி மாரியப்பன், ஐந்து வயதில் பஸ் ஏறிக் கால் போனவர். 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். நம் சர்க்கார் 2 கோடி ரூபாய் கொடுத்தது. 2024ல் சதுரங்கத்தில் உலக வீரரான குகேஷுக்கு 5 கோடி. 2025ல் கபடியில் தங்கம் வாங்கிவந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு 25 லட்சம். கொடுத்தது தப்பென்று எவன் சொல்லுவான்? இன்னும் கொடுக்கட்டும். ஆனால் மரம் காய்த்த பிறகு மாலை போடுகிறோம். நாற்றுக்குத் தண்ணீர் விட்டது யார்? மாரியப்பனுடைய தாயார் காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்தபோது சர்க்கார் எங்கே இருந்தது? நாம் பார்த்தது ஒரு மாரியப்பனை. பெரியவடகம்பட்டி போன்ற ஊர்களில் தாண்டாமலேயே போனவர்கள் எத்தனை பேரென்று எந்தக் கணக்கிலும் இல்லை. 2022ல் சட்டசபைத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒன்றுக்கு 3 கோடி என்று அறிவித்தார்கள். வரட்டும். ஆனால் தொகுதியில் எங்கேயோ ஒரு மூலையில் கட்டின அரங்கத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் குழந்தை பஸ் பிடித்துப் போய் விளையாடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? ஜில்லாத் தலைநகரான விழுப்புரமோ இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடந்து போகிற தூரத்தில் மைதானம் இல்லாவிட்டால் அது மைதானமில்லை.

தோழர்களே! இனி முக்கியமான இடத்திற்கு வருகிறேன். மைதானம் இருந்தால் மட்டும் எல்லோரும் விளையாடிவிடுவார்களா? பல்வாங்கர் பாலு என்று ஒருவர், புனாவில் கிரிக்கெட் கிளப்பில் புல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தீண்டப்படாத வகுப்பில் பிறந்தவர். அவர் வீசிய பந்தை அடிக்க முடியாமல் வெள்ளைக்காரர்கள் திணறினார்கள். அவரைக் கோஷ்டியில் சேர்த்துக்கொண்ட ஹிந்து கிளப்பார், மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தாங்களும் தொட்டார்கள். டீ குடிக்கும் நேரத்தில் மாத்திரம் அவருக்கு வெளியே, தனியாக, மண் கலயத்தில் கொடுத்தார்கள். 1911ல் இங்கிலாந்துக்குப் போய் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட் எடுத்து வந்தார். அப்படியும் ஹிந்துக் கோஷ்டிக்குத் தலைவராக அவரை வைக்க மனம் வரவில்லை. பந்துக்குத் தீட்டில்லை, கலயத்துக்குத் தீட்டு! இது பழைய கதை என்று சொல்லாதீர்கள். நம் காலத்திலேயே கபடிப் பந்தயங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது, ஜாதித் தலைவர் படம் போட்ட பனியன் அணியக் கூடாது என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை நிபந்தனை போட வேண்டியிருந்தது. மாடு பிடிப்பதில் ஜாதி, கபடியில் ஜாதி, வாலிபாலில் ஊர் டீம் ஒன்று, காலனி டீம் ஒன்று. சர்க்கார் பணத்தில் போட்ட மைதானம், கோவில் குளத்தைப் போல ஒரு சாராருக்கு ஆகிவிட்டதானால், அந்தப் பணம் ஜாதியை வளர்க்கச் செலவானதாகவே அர்த்தம்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பன்னிரண்டு வயது வரையில் ஓடுகிறாள். பிறகு, "பெரிய பெண்ணாகிவிட்டாய், காலை அகட்டாதே, சிரிக்காதே" என்கிறோம். மைதானத்தில் கக்கூஸ் இல்லை, விளக்கு இல்லை, சுற்றி நின்று கேலி பேசுகிற சோம்பேறிகள் உண்டு. கண்ணகி நகர் என்பது சென்னையில் குடிசைகளைக் காலி செய்து ஏழைகளைக் கொண்டுபோய் வைத்த இடம். அந்த இடத்துப் பெண் பஹ்ரைன் வரையில் போய்க் கபடி ஆடி ஜெயித்திருக்கிறாள். உங்கள் பெண்ணுக்கு மாத்திரம் எலும்பு வேறு விதமாகவா இருக்கிறது?

விளையாட்டால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிற பெரியவர்களுக்கு, ஐஸ்லாந்து என்கிற சின்னத் தேசத்தின் கதையைச் சொல்லுகிறேன். 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்தின மாதத்தில் குடித்து வெறித்ததாகக் கணக்கெடுத்தார்கள். சர்க்காரும் ஊராட்சிகளும் விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பணத்தைக் கொட்டின. தலைநகர் சபை, பிள்ளைக்கு இவ்வளவு என்று கட்டணத்தைத் தானே கொடுத்தது. தாய் தகப்பன்மார்களும் இரவில் பிள்ளைகளை வெளியே விடாமல் பார்த்துக் கொண்டார்கள். 2016ல் அந்த 42 என்பது 5 ஆகிவிட்டது. விளையாட்டு ஒன்றினால் மாத்திரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதுவும் பெரிய காரணம். இங்கேயோ பக்கத்தில் புதுச்சேரி. சாயங்காலம் ஆறு மணிக்கு இளைஞனுக்குத் திறந்திருக்கிற கதவு எதுவென்று உங்களுக்குத் தெரியும். 2023 மே மாதத்தில் இதே ஜில்லாவில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயத்தைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செத்த பிறகு குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் எத்தனை மைதானம் பராமரிக்கலாம்!

இவ்வூரைப் பற்றி ஒரு கதை உண்டு. சித்தர் ஒருவர் சாபமிட்டாராம், லிங்கம் வெடித்ததாம், சுற்றுப்பட்டு நிலமெல்லாம் பாழாயிற்றாம். 1968க்குப் பிறகு ஆரோவில்லில் குடியேறினவர்கள் வரப்புப் போட்டு மழைத் தண்ணீரைத் தேக்கி, மரம் நட்டார்கள். பாழ் பூமி காடாயிற்று. சாபம் எந்த வழியாகப் போயிற்றென்று புராணக்காரரைத்தான் கேட்க வேண்டும். மண்வெட்டிக்கும் பணத்துக்கும் கட்டுப்பட்ட சாபம் அது. மைதானமும் அப்படித்தான் வரும்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். கிராம அதிகாரியிடம் உள்ள "அ" பதிவேட்டில் ஊர்ப் புறம்போக்கு எது, எவ்வளவு என்று பாருங்கள். காட்ட மாட்டேனென்றால், 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். 2024ம் வருஷத்து 33 வகைச் சாமான் யாரிடம் இருக்கிறது என்பதையும் அதே காகிதத்தில் கேட்டுவிடுங்கள். ஏரிப் புறம்போக்கைக் கேட்காதீர்கள். நீர்நிலையில் வேறு காரியம் கூடாதென்பது கோர்ட்டுக் கட்டளை, அது நியாயமும்கூட. "நமக்கு நாமே" திட்டத்தில் ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடும். கும்பாபிஷேகத்துக்கு வீட்டு வரி போட்டு வசூலிக்கிற ஊர், பிள்ளைகளுக்காக இந்த ஒரு பங்கை வசூலிக்க முடியாதா?

கிராம சபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஜனத்தொகைக்குத் தக்கபடி 50 முதல் 300 பேர் வரையில் இருந்தால்தான் கோரம். அங்கே போய்த் தீர்மானம் கொடுங்கள். மைதானம் எல்லாத் தெருவாருக்கும் பொது என்று எழுத வேண்டும். சாமான் அறைக்கு இரண்டு சாவி, ஒன்று ஊரில், ஒன்று காலனியில். சாயங்காலத்தில் பெண்களுக்கென்று தனி நேரம். விளக்கும் கக்கூஸும் கட்டின பிறகுதான் மற்ற வேலை. பார்த்துக்கொள்ளுகிறவருக்கு மாதச் சம்பளம். இவைகளை எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

தீர்மானக் காகிதம் தலைவரவர்கள் மேஜை மேல் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடட்டும். பிறகு காலனித் தோழர்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.