விண்ணில் ஒரு கண்



வானம் தெளிவாக உள்ள நாள்களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் நாம் மொட்டை மாடி ஏறி வடக்கே நோக்குகிறோம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் தீச்சுடர் தெரிகிறது. கைதட்டிவிட்டு இறங்கிவிடுகிறோம். அது எதைச் சுமந்து சென்றது, அங்கே எதைக் காண்கிறது என்று கேட்போர் நம்மில் குறைவு.

2015 செப்டம்பர் 28 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட ‘அஸ்ட்ரோசாட்’ செயற்கைக்கோள், புற ஊதாக் கதிர்களைக் காணும் தொலைநோக்கியையும் கொண்டு சென்றது. அக்கதிர்களில் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால் மேலே சென்றுதான் காண வேண்டும். அதன் ஆடி ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் அகலமே. நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரிது. அவ்வளவு சிறிய ஆடி, 28 மணி நேரத்துக்கு மேல் ஒரே திசையை நோக்கி, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீன் திரளொன்றின் ஒளியைப் பற்றியது. 2020-இல் அச்செய்தி வெளியாயிற்று. பூமி பிறக்கும் முன்பே புறப்பட்ட ஒளி அது! ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆதி அண்டத்தில் மண்டியிருந்த மூடுபனியை இத்தகைய ஒளியே விலக்கியது என்பர் அறிஞர்.

விண்மீன்களில் அணுவிலிருந்து எலெக்ட்ரான் பிரிவதற்கு 1920-இல் கணக்கு வகுத்தவர் மேகநாத் சாகா. டாக்காவுக்கு அருகே சிற்றூர் ஒன்றில், சிறு கடை வைத்திருந்தவரின் மகன். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட வணிகச் சாதியில் பிறந்தவர். நம்மைப் போல் சேரியில் பிறந்தவரல்லர்; அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கல்கத்தா மாணவர் விடுதியில், தம்மோடு ஒரே கூடத்தில் அவர் உண்ணலாகாது என்றனர் உயர்சாதி மாணவர். பந்தியில் இடம் மறுக்கப்பட்ட அந்த மனிதர்தாம், ஓசோன் படலத்துக்கு மேலே கருவிகளை ஏற்றிச் சூரியனைக் காண வேண்டுமென்று 1937-இல் எழுதினார். முதல் செயற்கைக்கோள் பறந்தது 1957-இல். அதற்கு முந்திய ஆண்டே அவர் மறைந்தார்.

2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 6.5 மீட்டர். அண்டம் தோன்றி 30 கோடி ஆண்டுகள்கூட நிறையாத காலத்துத் திரள்களை அது கண்டுள்ளது. ஆயினும் புற ஊதா அதன் கண்ணுக்குப் படாது. 2040-களில் ஏவுவதற்கு நாசா திட்டமிடும் பெருந்தொலைநோக்கி, சுமார் 6 மீட்டர் ஆடியால் புற ஊதாவையும் காணும். கணக்கிட்டுப் பாருங்கள்: நம் சிறிய ஆடியைப் போல் 250 மடங்கு பரப்பு! 28 மணி நேரம் சேர்த்த ஒளியை 7 நிமிடத்தில் சேர்த்துவிடும். எந்தெந்தத் திரள்கள் அந்த மூடுபனியை விலக்கின என்பதை ஆராய அது பெரிதும் உதவும்.

அத்தகைய ஆடியைத் தேய்ப்பது எளிதன்று. தொழிற்பேட்டை லேத்துப் பட்டறைகளில் ஆயிரத்தில் ஓர் அங்குலப் பிழையைக் கண்டறியும் நம் மூத்தோர் அறிவர். இங்கே அனுமதிக்கப்படும் பிழையோ அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அக்கருவி பறக்கும்போது, இன்று பத்தாம் வகுப்பில் உள்ளோர் முப்பதைக் கடந்திருப்பர். கணக்கில் தேர்ந்த பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், “படித்தது போதும், வேலைக்குப் போ” என்று அனுப்பியோர் நம்மிலும் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வெள்ளி விழா நிதியில் பேருந்துக் கட்டணத்துக்கு ஒரு பகுதியை ஒதுக்கி, மாலை வகுப்பு மாணவரை இக்கோடையிலேயே அங்கே அழைத்துச் செல்லுமாறு செயற்குழுவை வேண்டுகிறோம்.