கைதியின் கடிதமே மனு

வழக்கு என்றதும் குளத்தூர், பாறசாலைப் பக்கத்து ஏழை வீடுகளில் முதலில் எழுவது வக்கீல் கட்டணக் கவலைதான். அந்தக் கவலையை வாழ்நாள் முழுதும் சுமந்தவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், பாலக்காட்டுத் தமிழர்.

தலச்சேரியில் தொழிலாளர்களுக்கும் குடியானவர்களுக்கும் வாதாடிய வழக்கறிஞர். 1948இல் சிறை சென்றார். 1952இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், சிறை, நீர்ப்பாசனத் துறைகளின் அமைச்சர். 1968இல் உயர் நீதிமன்றம், 1973இல் உச்ச நீதிமன்றம்.

சிறைக்குள் இருந்தவர் என்பதால்தானோ என்னவோ, கைதியின் குரல் அவர் காதில் நன்றாகவே விழுந்தது. திகார் சிறையில் சக கைதி ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானதை மரண தண்டனைக் கைதி ஒருவர் கடிதமாக எழுதினார். முத்திரைத்தாள் இல்லை, வக்கீல் இல்லை. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் கிருஷ்ணய்யர். அவர் தீர்ப்புகளில் இதையே நான் தலையாயதாக மதிக்கிறேன்.

இலவச சட்ட உதவிக்கான மத்திய அரசின் வல்லுநர் குழுவுக்கும் அவரே தலைவர். 1987இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. தேவைப்பட்டால் தயங்காமல் நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.