வரப்போகும் கார்டும் வாங்கும் விலையும்

மோதி பாக்கில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இக்காலத்தில் ஒரு வினா எழுகின்றது. கல்லூரியில் பயிலும் மகனோ மகளோ கணிப்பொறிக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்கின்றனர். இப்பொழுதே வாங்குவதா, அடுத்த வரிசை வரும்வரை பொறுப்பதா என்பதே அவ்வினா. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த தொகையன்றோ! ஆகவே இதனைச் சற்று ஆராய்வது நலம்.

முதலில் திறனை நோக்குவோம். 2025 ஜனவரியில், அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங் ஓர் அறிவிப்புச் செய்தார். 549 டாலர் விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070, முன்னர் 1,599 டாலருக்கு வெளிவந்த 4090-இன் திறனைத் தரும் என்றார். அவ்வொப்பீட்டில் ஒரு நுட்பம் உண்டு. கார்டு ஒரு காட்சியை முறையாக வரைய, அடுத்த மூன்றைச் செயற்கை நுண்ணறிவு ஊகித்து இட்டு நிரப்பும். மார்ச்சில் கார்டு வெளிவந்து, அவ்வுதவியின்றிச் சோதிக்கப்பட்டபொழுது, 4090-க்கு வெகுவாகப் பின்தங்கியே நின்றது. நினைவகமோ 4090-இல் 24 ஜி.பி.; 5070-இல் 12 ஜி.பி. மட்டுமே. விளையாட்டுக்கு இட்டு நிரப்பிய காட்சி போதலாம். செயற்கை நுண்ணறிவு பயிலும் மாணவருக்கு நினைவகத்தை எவ்வாறு இட்டு நிரப்புவது?

இனி விலை. 549 டாலர் என்பது வரி சேராத அமெரிக்க விலை. அன்றைய மாற்று வீதம் சுமார் 86 ரூபாய். அதன்படி 47,000 ரூபாய்க்குச் சற்று மேல். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 55,700. இந்தியாவில் அறிவிக்கப்பெற்ற தொடக்க விலையோ 59,000. அதாவது டாலர் ஒன்றுக்கு 107 ரூபாய் வீதம் ஆயிற்று.

பொறுத்தால் விலை இறங்குமா? 2020 செப்டம்பரில் 699 டாலர் என அறிவிக்கப்பெற்ற 3080, ஈதரியம் நாணயம் ஈட்டுவோர் வாங்கிக் குவித்தமையாலும் சில்லுத் தட்டுப்பாட்டாலும் மறு ஆண்டில் இருமடங்குக்கும் மேல் விற்றது. 2022-இல் அத்தேவை ஓய்ந்தது, பொறுத்தோர் பயனுற்றனர். 2025 இறுதியிலோ தரவு மையங்களின் பெருந்தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிற்று. ஆகவே பொறுமை எப்பொழுதும் லாபம் என்று கொள்வதற்கில்லை.

நாம் கைக்கொள்ளத்தக்க நெறி எளிது. படிப்புக்கு இன்றே தேவையெனில், சோதனை முடிவும் கடை விலையும் தெளிவாகத் தெரிந்த கார்டை இன்றே வாங்குவோம். அவசரமில்லையெனில், புதியது கடைக்கு வந்து, சோதனையாளர் அளந்து கூறும்வரை பொறுப்போம். மோதி பாக்கில் மெட்ரோ ஏறி, லாஜ்பத் நகரில் மாறினால் நேரு பிளேஸ் அங்காடி. இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரித்து, முறையான ரசீதும் உத்தரவாதமும் பெறுவோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மேடையில் அறிவித்த திறனும் அத்தகையதே.