வேடந்தாங்கல் வழியும் வண்டியோட்டிகளின் வாய்மொழியும்



ஆற்றுப்படை வழியிற் பிறந்த இலக்கியம். பரிசில் பெற்று மீளும் கலைஞன், எதிர்ப்படும் வறிய கலைஞனை நிறுத்தி, எவ்வழிச் செல்வது, எவ்வூரில் என்ன உணவு கிட்டும், யார் கொடுப்பர் என்றெல்லாம் எடுத்துரைப்பதே அதன் அமைப்பு. பத்துப்பாட்டுள் இரண்டு ஆற்றுப்படைகள் இவ்வட்டாரத்தை ஒட்டி எழுந்தவை. நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைச் சார்ந்தது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது என்றும் அறிஞர் கொள்வர். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை கச்சிக்கு வழி சொல்வது. அதன் நீர்ப்பெயற்று மாமல்லபுரமே என்பாரும் உளர்.

இந்நிலத்தில் இன்றும் ஆற்றுப்படை நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. ஆயின் பாணர்க்கு மாறாக அங்கே நிற்போர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகள். பறவைகள் வந்திறங்கும் மார்கழி, தை மாதங்களில், சென்னையிலிருந்து இருள் பிரியுமுன் புறப்படுவோர் தாம்பரம், செங்கற்பட்டு கடந்து, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளத்தில் வேடந்தாங்கலுக்குத் திரும்புவர். மாமல்லபுரக் கடற்கரையிலிருந்து வருவோர்க்குத் திருக்கழுக்குன்றம் வழி. இரு திறத்தாரும் தேநீர்க் கடையில் சந்திக்கும்போது பெயரும் குலமும் தொழிலும் பேச்சில் முதலில் எழுவதில்லை. எந்த வழி வந்தீர், சாலை எப்படி, வண்டி எத்தனை ஓடியிருக்கிறது என்பனவே முதல் வினாக்கள். விடியுமுன் இட்லி கிடைக்கும் இடம், ஞாயிறன்றும் பஞ்சர் ஒட்டுபவர் இருக்கும் இடம் ஆகியன அடுத்து வரும். சிறுபாணாற்றுப்படையிலும் நெய்தலில் சுட்ட மீன், முல்லையில் புளிங்கறி, மருதத்தில் வெண்சோற்றோடு நண்டு என நிலத்திற்கோர் உணவு வருவதை இங்கு ஒப்பு நோக்கலாம். வயிற்றை மறந்த பயண இலக்கியம் தமிழில் இல்லை!

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியைப் புகழுமிடத்து ஓர் உவமை வைக்கிறார். உப்பு வணிகர் பாரம் ஏற்றிய வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் செல்வர்; பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்னும் முன்னெச்சரிக்கை அது. சேம அச்சு என்பது அதன் பெயர். பழைய புல்லட் ஓட்டிகள் பலர், பூட்டிய கிளட்ச் கேபிளோடு சேர்த்தே இன்னொரு கேபிளை இழுத்துக் கட்டி வைத்திருப்பர். ஒன்று அறுந்தால் மற்றொன்றை மாட்டிக்கொண்டு புறப்படலாம். ஔவையாரின் உவமைக்கு இதைவிடத் தெளிவான உரை எழுதுதல் அரிது.

புல்லட் தமிழ்நாட்டிற்கு வந்த வரலாறும் கேட்கத்தக்கது. இந்தியப் படைக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பெற்ற அவ்வண்டியை இங்கேயே செய்ய, சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச் நகரத்து நிறுவனத்தோடு 1955இல் கைகோத்தது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. பிறந்த நாட்டில் அத்தொழில் 1970இல் முடிவுற்றது, திருவொற்றியூரிலோ தொடர்ந்தது. பட்டினத்தார் அடங்கிய ஊரில் இரும்புக் குதிரை வார்க்கப்பட்டதென்பது வேடிக்கைதான்.

அப்பழைய வண்டியைக் கிளப்புவது ஒரு கலை. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, கிக்கரை மெல்ல அழுத்தி, முள் நடுவில் வந்து நின்றதும் டிகம்ப்ரசரைப் பிடித்துச் சிறிது நகர்த்தி, பின்னர் ஒரே உதை. பிசகினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கும். கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்திருந்தமையால், வேறு வண்டி பழகியவர் ஏறி அமர்ந்து வேலியில் பாய்ந்த கதைகள் ஊர்தோறும் உண்டு. பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் வண்டிகள் வந்துவிட்ட இக்காலத்தில், அக்கதைகளுக்குரிய உடல் அனுபவம் அருகிவருகிறது. அனுபவம் போனபின் சொல் நெடுங்காலம் நில்லாது. தொகுப்பதாயின் இன்றே தொகுத்தல் வேண்டும்.

ஓட்டிகளின் கதைகளுள் பெரும்புகழ் பெற்றது இராசத்தானத்து ஓம் பன்னா கதை. பாலி நகரை அடுத்த சாலையில் புல்லட்டில் சென்ற இளைஞர் மரத்தில் மோதி மாண்டார். காவல் நிலையத்தில் வைத்த வண்டி இரவில் தானே மாண்ட இடத்திற்குத் திரும்பிற்று என்பது கதை. இன்று அங்கே வண்டியே வழிபடு பொருள். மாலையும் மதுவும் படைக்கின்றனர். இதைப் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் வழியில் பட்ட வீரனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, பீலி சூட்டி, கள் படைத்த மரபினர்க்கு அதில் புதுமை ஏதுமில்லை. சாலைச் சாவுகள் மலிந்த காலத்தில் நடுகல் வேறு உருக்கொள்கிறது. அவ்விடத்தைக் கடக்கும் ஓட்டி வேகத்தைக் குறைத்து வணங்குகிறான் என்பதே அக்கதையின் பயன்.

வேகம் குறைதல் வேண்டிய மற்றோரிடம் வேடந்தாங்கல். தாங்கல் என்பது இவ்வட்டாரத்தில் சிற்றேரிக்குப் பெயர். வேடர்க்குரிய பெயர் தாங்கிய ஊர் பறவைகளுக்குப் புகலிடமானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுட்டவர்க்கு எதிராக ஊரார் முறையிட, செங்கற்பட்டு ஆட்சித்தலைவர் லயனல் பிளேசு அவர்தம் காவலுரிமையை ஏற்றார். 1858இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பெற்றது. 2022இல் இவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் இடும் எச்சம் ஏரிநீரை எருவாக்குகிறது. அந்நீர் பாய்ந்த வயல் செழிக்கிறது. தீபாவளிக்கும் வெடி வெடியாத ஊர் இது. பிள்ளைகள் மத்தாப்போடு அமைந்துவிடுகின்றனர்.

அத்தகைய ஊரின் கரையோரம், சைலன்சரை மாற்றி வெடியோசை எழுப்பிக்கொண்டு வருவோரும் உளர். தாய்ப்பறவை அஞ்சிக் கூட்டைவிட்டு எழுந்தால் முட்டை வெயிலுக்கும் காக்கைக்கும் ஆளாகும். பிள்ளைகள் விட்டுக்கொடுத்ததைப் பெரியவர்கள் பறிப்பது எவ்வகை வீரம்? திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகலில் உணவுண்ண வந்த இரு கழுகுகள் 1990களுக்குப் பின் வாரா ஆயின. அவ்வூரைக் கடந்து இவ்வூர்க்கு வருவோர் அதையும் நினைத்தல் தகும்.

இதுகாறும் கூறியவை பெரும்பாலும் புல்லட்டைப் பற்றியன. புல்லட்டுக்குக் கதை சொல்ல ஆள் உண்டு. 1980இல் வந்த டி.வி.எஸ். 50க்கு யார் உளர்? கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து, பின்னால் பெட்டி கட்டி, ஐஸ் உருகுமுன் உள்நாட்டு ஊர்களில் ஆரன் அடித்து விற்கும் வணிகரும் வண்டியோட்டியே. நத்தத்தனார் உப்பு வணிகரைக் கடந்து போய்விடவில்லை. அவர்தம் பிள்ளைகளோடு வளர்ப்பு மந்தி முத்திட்ட கிளிஞ்சிலைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுவதையும் நின்று பார்த்தார். மீன் வணிகர் எவ்வூரில் எத்தெருவில் நிற்பார், கடன் சொல்லும் வீடு எது, மழையில் எந்த மதகடி வழி மூழ்கும், பெட்டியோடு சரிந்து விழுந்த நாளில் தூக்கிவிட்டவர் யார்? கடலூர்க் குப்பத்திலிருந்தோ சதுரங்கப்பட்டினத்திலிருந்தோ புறப்படும் ஒருவரிடம் ஒரு காலைப் பொழுது கேட்டால், இன்னோர் ஆற்றுப்படைக்குரிய ஊர்களும் உணவும் மனிதரும் கிடைப்பர். அவர் விற்று முடித்து, வெற்றுப் பெட்டியோடு ஏதேனும் ஒரு புளியமர நிழலில் நிற்கும் முற்பகல் பத்து மணியே கேட்பதற்கு ஏற்ற வேளை.