பாட்டர்சி தொகுதியின் கதை

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சங்கம் கட்டினால் கூலி உயருகிறது, கண்ணால் பார்க்கிறோம். ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்? யார் போனாலும் அங்கே போய் அவர்களில் ஒருவராகி விடுகிறாரே!" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற விவசாயத் தொழிலாளித் தோழர், "எங்கள் தெருவில் மொத்தமே நூறு ஓட்டு. அதை வைத்து எதை அசைப்பது?" என்றார்.

இரண்டும் நியாயமான கேள்விகள். தத்துவம் பேசி இவற்றுக்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. ஒரே ஒரு பார்லிமெண்டுத் தொகுதியின் கதையைச் சொல்கிறேன். அது நம் நாட்டுத் தொகுதி அல்ல. நம்மை ஆண்டவன் நாட்டுத் தொகுதி. ஆனால் அந்தத் தொகுதித் தொழிலாளிகள், நம் நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், ஓர் இந்தியரை, அதுவும் ஒரு கம்யூனிஸ்டை, தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பாட்டர்சி எங்கே இருக்கிறது?

லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது பாட்டர்சி. நதிக்கு அப்பால் அரச அரண்மனை, பார்லிமெண்டு, பணக்காரர் மாளிகைகள். இப்பால் அந்தக் காலத்தில் ரயில்வே பட்டறைகள், காஸ் தொழிற்சாலை, மெழுகுவர்த்தித் தொழிற்சாலை, புகை, நெருக்கமான குடியிருப்பு இருந்தன.

1885ல் பாட்டர்சி தனித் தொகுதியாயிற்று. அன்று அங்கே ஆண்களில்கூட எல்லோருக்கும் ஓட்டு இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை. ஓட்டுரிமை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. இங்கிலாந்திலும் அதைப் போராடித்தான் வாங்கினார்கள்.

மந்திரியான தொழிலாளி

1892ல் அத்தொகுதி ஜான் பர்ன்ஸ் என்ற இஞ்சினியரிங் தொழிலாளியைத் தேர்ந்தெடுத்தது. சாதாரண ஆள் அல்ல அவர். 1889ல் லண்டன் துறைமுகக் கூலிகள் மணிக்கு ஆறு பென்னி கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றார்களே, அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். தொழிலாளி பார்லிமெண்டுக்குப் போய்விட்டான் என்று பாட்டர்சி கொண்டாடியது.

ஆனால் நடந்தது என்ன? பர்ன்ஸ் படிப்படியாக லிபரல் கட்சியின் பக்கம் சாய்ந்தார். 1905ல் லிபரல் சர்க்காரில் மந்திரியானார். பிரிட்டனில் மந்திரிசபையில் அமர்ந்த முதல் தொழிலாளி என்று பெயர் வாங்கினார். ஆனால் பழைய தோழர்களுக்கும் அவருக்கும் நடுவே தேம்ஸ் நதியைவிட அகலமான நதி ஓடத் தொடங்கியது. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 1914ல் யுத்தம் வந்தபோது, யுத்தத்தை ஆதரிக்க மாட்டேன் என்று பதவியை உதறினார். அந்த மட்டில் அவருக்கு மரியாதை.

ஸ்பின்னிங் தோழர் கேட்ட கேள்வி பாட்டர்சி தொழிலாளிகள் மனத்திலும் எழுந்த கேள்விதான். அவர்கள் என்ன செய்தார்கள்? ஓட்டை வெறுத்து வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தங்கள் தொழிற்சங்கக் கவுன்சிலைப் பலப்படுத்தினார்கள். நகராட்சியைப் பிடித்தார்கள். 1903ல் காண்ட்ராக்டர் இல்லாமல், நகராட்சியின் சொந்தத் தொழிலாளிகளைக் கொண்டே, லாட்ச்மியர் என்ற இடத்தில் உழைப்பாளிகளுக்கு வீடுகள் கட்டினார்கள். 1913ல் ஜான் ஆர்ச்சர் என்ற கறுப்பினத்தவரை மேயராக்கினார்கள். அவருடைய தந்தை மேற்கிந்தியத் தீவான பார்படோசைச் சேர்ந்தவர். வெள்ளையன் உலகை ஆண்ட காலத்தில், லண்டனிலேயே இது நடந்தது!

1918ல் புதுச் சட்டம் வந்தது. 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும், 30 வயதான பெண்களில் பெரும் பகுதியினருக்கும் ஓட்டு கிடைத்தது. பாட்டர்சி வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தது. வடக்கில்தான் தொழிலாளிகள் அதிகம். அவ்வருடம் அங்கே லேபர் கட்சி நிறுத்தியது சார்லட் டெஸ்பார்ட் அம்மையாரை. பெண்கள் ஓட்டுரிமைக்காகச் சிறை சென்றவர், யுத்தத்தை எதிர்த்தவர், வயது எழுபதைத் தாண்டியவர். யுத்த வெறி அடங்காத நேரம், அம்மையார் தோற்றார்.

டாடாவின் மருமகன்

அடுத்த தேர்தல் 1922ல். இப்போது நிறுத்தப்பட்டவர் ஷாபுர்ஜி சக்லத்வாலா. பம்பாய்க்காரர், 1874ல் பிறந்த பார்சி. ஜாம்ஷெட்ஜி டாடா இவருக்குத் தாய்மாமன். டாடா கம்பெனிக்காக இரும்புக் கனி தேடிக் காடுமேடெல்லாம் அலைந்தவர். பம்பாயில் பிளேக் பரவியபோது ஏழைகளின் குடிசைகளில் வேலை செய்தவர். 1905ல் இங்கிலாந்து போனார். அங்கே ஓர் உழைக்கும் பெண்ணை மணந்தார். 1909ல் சுயேச்சைத் தொழிற்கட்சியிலும், 1921ல் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் சேர்ந்தார்.

மாமன் வீடு கோடீசுவர வீடு. மருமகன் நின்றதோ தொழிலாளிகளின் வரிசையில். அவர் சொன்ன ஒரு வாதத்தை மில் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் டண்டி என்ற ஊரில் சணல் மில்கள். வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையிலும் சணல் மில்கள். அவற்றிலும் பிரிட்டிஷ் மூலதனம். வங்காளத் தொழிலாளிக்கு அரைவயிற்றுக் கூலி கொடுக்கிற வரையில் டண்டித் தொழிலாளியின் வேலைக்கு உத்திரவாதம் இல்லை. ஆகவே இந்தியத் தொழிலாளிக்காகப் பேசுவது பிரிட்டிஷ் தொழிலாளி செய்யும் தர்மம் அல்ல. தன் சோற்றைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. இதைத்தான் அவர் மேடைக்கு மேடை, பிறகு பார்லிமெண்டிலும் சொன்னார்.

பாட்டர்சி தொழிலாளிகளுக்கு அது புரிந்தது. லேபர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் தொழிற்சங்கங்களும் ஒன்றாக வேலை செய்தார்கள். முன்னாள் மேயர் ஆர்ச்சர் பக்கபலமாக நின்றார். சக்லத்வாலா 11,311 ஓட்டுகள் பெற்று, 2,021 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார்.

186ம் 542ம்

நூறு ஓட்டுத் தோழர் இனி கவனமாகக் கேட்கட்டும்.

1923ல் மறுபடியும் தேர்தல். சென்ற தடவை எதிரிகளின் ஓட்டு சிதறியிருந்தது. இம்முறை எல்லாம் லிபரல் வேட்பாளர் ஹாக்பின் என்பவரிடம் குவிந்தது. சக்லத்வாலாவுக்கு ஓட்டுக் குறையவில்லை. ஆயிரத்துக்கு மேல் கூடி 12,341 ஆயிற்று. ஆனாலும் தோற்றார். எத்தனை ஓட்டில்? 186 ஓட்டில்! ஒரு மில்லில் ஷிப்டு முடிந்து கேட்டைத் தாண்டி வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி. இரண்டு தெருக்களின் ஓட்டு. உங்கள் தெருவைப் போன்ற இரண்டு தெருக்கள், தோழரே!

1924ல் மூன்றாவது தேர்தல். இதற்குள் நிலைமை கடினமாகிவிட்டது. கம்யூனிஸ்டுகள் தன் வேட்பாளராக நிற்கக் கூடாது என்று லேபர் கட்சி மகாநாடு தடை போட்டது. சக்லத்வாலா கம்யூனிஸ்டு வேட்பாளராகவே நின்றார். தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு 'ஜினோவீவ் கடிதம்' என்ற போலிக் கடிதத்தைப் பத்திரிகையில் போட்டு, மாஸ்கோ பூதம் வருகிறது என்று நாடெங்கும் பீதி கிளப்பினார்கள். லேபர் சர்க்கார் கவிழ்ந்தது. ஆனால் பாட்டர்சி அசையவில்லை. உள்ளூர் லேபர் தொழிலாளிகள் மேலிடத்தின் உத்தரவை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்காகத் தெருத் தெருவாகச் சென்றார்கள். 15,096 ஓட்டு. 542 ஓட்டில் வெற்றி! அந்தப் பார்லிமெண்டில் அவர் ஒருவரே கம்யூனிஸ்டு மெம்பர்.

அங்கே போனதும் அவர்களில் ஒருவராகி விட்டாரா? 1926ல் சுரங்கத் தொழிலாளருக்காகப் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குச் சற்று முன், மே தினத்தன்று ஹைடு பார்க்கில் பேசிய சக்லத்வாலா, தொழிலாளர் மீது திரும்பாதீர்கள் என்று சிப்பாய்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். கைது செய்தார்கள். இனி இப்படிப் பேச மாட்டேன் என்று ஜாமீன் எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்கள். மறுத்தார். இரண்டு மாதம் சிறை. ஜான் பர்ன்சுக்கு மந்திரி நாற்காலி. சக்லத்வாலாவுக்குச் சிறைக் கொட்டடி. ஒரே மண்ணின் மெம்பர்கள்தான் இருவரும்.

1927ல் இந்தியா வந்து சுற்றுப்பயணம் செய்தார், சென்னைக்கும் வந்தார். அவர் திரும்பிப் போனதும் சர்க்கார் கதவை மூடியது: இனி இந்தியாவில் கால் வைக்கக் கூடாது என்று தடை. 1929ல் பதவிக்கு வந்த லேபர் சர்க்காரும் அத்தடையை நீக்கவில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குள் போகலாம், பிறந்த நாட்டுக்குள் போகக் கூடாது! சாகும்வரை அவர் தாய்நாட்டைப் பார்க்கவில்லை.

கை எப்படி நழுவியது?

இனி கசப்பான பகுதி. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வெற்றியை மட்டும் சொல்வது படிப்பு வகுப்பு அல்ல.

கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற மறுத்ததற்காகப் பாட்டர்சி லேபர் ஸ்தாபனத்தையே 1926ல் லேபர் தலைமை விலக்கியது. போட்டியாகப் புது ஸ்தாபனம் அமைத்தது. பழைய நண்பர் ஆர்ச்சர் புது ஸ்தாபனத்துக்குப் போய்விட்டார். பிளவை ஆரம்பித்தது தலைமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் தரப்பிலும் தவறு நேர்ந்தது. அன்று கம்யூனிஸ்டுகள் மேற்கொண்ட 'வர்க்கத்துக்கு எதிராக வர்க்கம்' என்ற நிலை, லேபர் கட்சியையும் முதலாளிகளின் இன்னொரு கட்சி என்று ஒரே தட்டில் வைத்தது. தலைமை மேல் வீசிய கல், அக்கட்சிக்குச் சந்தா கட்டிய சாதாரணத் தொழிலாளி மேலும் விழுந்தது.

பலன்? 1929ல் இளம் பெண்களுக்கும் ஓட்டு வந்து வாக்காளர் ஜாபிதா பெருகியிருந்தது. ஆனால் சக்லத்வாலாவுக்குக் கிடைத்தது 6,554. ஐந்து வருடத்துக்கு முந்திய ஓட்டில் பாதிகூட இல்லை. லேபர் வேட்பாளர் சாண்டர்ஸ் வென்றார். அவருக்கு ஏஜெண்டாக நின்று வேலை செய்தவர் ஆர்ச்சர். 1931ல் சக்லத்வாலாவுக்கு 3,021தான். அவ்வருடம் இடத்தைத் தட்டிக்கொண்டு போனவர் யார்? கன்சர்வேடிவ் வேட்பாளர்!

சக்லத்வாலா ஓயவில்லை. தொகுதி போனபின்னும் கூட்டம் கூட்டமாகப் பேசினார். 1936 ஜனவரியில் காலமானார். ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துப் போரிடச் சென்ற பிரிட்டிஷ் தொண்டர் படை சில காலம் அவர் பெயரைத் தாங்கியது.

பிறகு நடந்தவை

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1935ல் லேபர் கட்சி தொகுதியை மீட்டது. 1946 முதல் 1983 வரை டக்ளஸ் ஜே என்பவரே மெம்பர். 1983ல் வடக்குத் தொகுதி ரத்தாகி மீண்டும் ஒரே பாட்டர்சி ஆயிற்று. நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாகப் பிராக் நகரிலிருந்து வந்த ஆல்ஃப் டப்ஸ் வென்றார். 1987ல் அவர் 857 ஓட்டில் கன்சர்வேடிவ் கட்சியிடம் தோற்றார்.

ஏன்? தொழிற்சாலைகள் மூடப்பட்டன. நகராட்சி வீடுகள் விற்கப்பட்டன. உழைப்பாளி குடியிருந்த தெருவில் சம்பளக்காரச் சீமான்கள் குடியேறினர். 1983ல் மூடிய மின்சார நிலையம் பின்னாளில் ஆடம்பர வீடுகளும் கடைகளுமாக மாறிவிட்டது. ஓட்டுப் பெட்டியை மாற்றுவதற்குமுன் தெருவையே மாற்றிவிட்டார்கள்! அதன்பின் 1997ல் லேபர், 2010ல் கன்சர்வேடிவ், 2017ல் மீண்டும் லேபர். 2024லும் லேபர் கட்சியின் மார்ஷா டி கோர்டோவாவே வென்றார்.

நாம் கற்பது என்ன?

ஸ்பின்னிங் தோழருக்கு என் பதில்: போகிறவர் கெட்டுப்போவதும் நிலைத்து நிற்பதும் அவர் ஒருவரின் குணத்தைப் பொறுத்ததல்ல. அவருக்குப் பின்னால் சங்கம் இருக்கிறதா, அது அவரிடம் கணக்குக் கேட்கிறதா, சிறைக்குப் போனால் அவர் குடும்பத்தையும் பெயரையும் காக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஓட்டும் சங்கமும் இரண்டு மாடுகள். ஒன்றை மட்டும் பூட்டினால் ஏர் போகாது.

நூறு ஓட்டுத் தோழருக்கு என் பதில்: 186ல் தோற்றதும் 542ல் வென்றதும் உங்கள் தெருவைப் போன்ற தெருக்களில்தான்.

இருவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. பாட்டர்சியில் வெள்ளைத் தொழிலாளியும், கறுப்பு மேயரும், இந்தியக் கம்யூனிஸ்டும் ஒரே மேடையில் நின்ற வரையில் போலிக் கடிதத்தாலும் அவர்களை வீழ்த்த முடியவில்லை. மேடை இரண்டான நாளில் தொகுதி கைமாறியது. நாளைக் காலை மில் கேட்டில் வேறு சங்கத்துக்காரனைப் பார்ப்பீர்கள். வயல் வரப்பில் வேறு கட்சிக்காரனைப் பார்ப்பீர்கள். அவன் தலைவனோடு நமக்கு ஆயிரம் தகராறு இருக்கட்டும். அவனோடு பேச்சை நிறுத்தாதீர்கள்!