"அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், சிஸ்டர்!"

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடைசிக் கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தைதான் தலைப்பில் இருப்பது. அன்பினால்தான் அப்படிச் சொல்கிறோம். பயிற்சி பெற்ற நர்ஸ் அதற்குச் "சரி" என்பதில்லை, நம்மைக் கடிந்துகொள்வதுமில்லை. "சொன்னால் என்ன ஆகுமென்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு, நம்மைப் பேச விடுகிறார்.

நோயாளியிடமும் முதலில் கேள்விதான். "உங்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? விவரம் தெரிந்துகொள்ள வேண்டுமா?" வேண்டாம் என்றால் வற்புறுத்துவதில்லை. "எனக்கு இன்னும் ரொம்ப நாள் இல்லையோ?" என்று அவரே கேட்டால், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று மழுப்புவதுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்கிறார். பல சமயம் நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். பேசத்தான் ஆள் இருக்காது.

1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாக இருந்தவர். வலி உடம்பில் மட்டுமல்ல, மனதிலும் உறவிலும் இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

கடைசி நாட்களில் வீட்டாருக்கும் விளக்கம் தேவை. மூச்சு விட்டுவிட்டு வரலாம். தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்கலாம். இதை நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பதற்றம் குறையும். விழுங்க முடியாதவருக்குப் பால் ஊற்றினால் புரையேறும். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும். நினைவில்லாதவருக்கும் காது கேட்கலாம் என்பதால், நர்ஸ் பெயர் சொல்லி அழைத்தே படுக்கையைத் திருத்துவார். நாமும் கட்டிலருகே சொத்துப் பேச்சை எடுக்க வேண்டாம்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இத்தகைய நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இறந்தவரின் கணக்கை முடிக்க வரும் குடும்பங்களை கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். நாமினேஷன் இல்லாத சிக்கலை எப்படியாவது தீர்த்துவிடலாம். "அவர் மனசில் என்ன இருந்ததோ, கேட்காமலே விட்டுவிட்டோமே" என்பதற்கு எந்தப் படிவமும் கிடையாது.

ஆகவே, நன்றாக இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: "எனக்கு ஏதாவது வந்தால் என்னிடமே சொல்லுங்கள்" என்றோ, "எனக்குத் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோ. எதுவானாலும் அது நம் முடிவாக இருக்கட்டும்.