சமூக ஊடகங்களும் நமது வகுப்பறையும்

(நூற்றாண்டு விழாவின் ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கற்றல் கற்பித்தலில் சமூக ஊடகங்கள் என்ற தலைப்பைத் தந்த செயற்குழுவினர் முதலில் இருபது நிமிடம் என்றார்கள். நேற்று அது பத்தாகிவிட்டது. ஆகவே முகநூல், யூடியூப் என்று எல்லாவற்றையும் தொடப்போவதில்லை. நமது பாடசாலைகளில் உண்மையில் பாடம் நடப்பது வட்ஸ்அப்பில். அதைப் பற்றி உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஒருத்தியாகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டதும் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. ஆனால் தொலைக்காட்சியைப் பார்த்து "விளங்கேல்லை ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாது. சூம் வகுப்புக்கு டேட்டா அதிகம் வேண்டும், சிக்னலும் வேண்டும், குறித்த நேரத்தில் தொலைபேசி பிள்ளையின் கையில் இருக்கவும் வேண்டும். பல வீடுகளில் இருந்தது அப்பாவின் தொலைபேசி ஒன்றுதான். அவர் வேலையால் வந்து சேர ஏழு மணியாகும். வட்ஸ்அப்பில் காலையில் போட்ட குறிப்பை இரவிலும் திறக்கலாம். அதனால்தான் அது நிலைத்தது; யாரும் திட்டமிட்டு எடுத்த முடிவல்ல.

ஆனால் நிலைத்த பிறகு அதை என்ன செய்தோம்? பெரும்பாலும் விளம்பரப் பலகையாக்கினோம். குறிப்பின் படம், கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தோம். நாற்பது பிள்ளைகள் உள்ள குழுவில் நாற்பது "நன்றி ரீச்சர்" வரும், கூடவே கூப்பிய கைகள். நடுவில் ஒருத்தி கேட்ட கேள்வி அதற்குள் புதைந்துவிடும். பிறகு அவள் கேட்கவும் மாட்டாள். குறிப்பு அனுப்புவதற்கு இந்த ஊடகம் தேவையில்லை. போட்டோகொப்பிக் கடை போதும். கேள்வி கேட்பதற்குத்தான் இது தேவை.

ஓர் உதாரணம். சோடியம் காபனேற்றுக் கரைசலை ஐதரோகுளோரிக்கமிலத்தால் நியமிக்கிறோம். பினோத்தலீன் நிறம் மறைய 10 கனசென்ரிமீற்றர் அமிலம் செலவாகிறது. தொடக்கத்திலிருந்தே மெதைல் செம்மஞ்சளைக் காட்டியாகப் பயன்படுத்தியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும்? மாலை ஏழரைக்கு இந்த வினாவைக் குழுவில் போடுவேன். விடையைக் குழுவில் எழுதக் கூடாது, ஒன்பது மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும், காரணத்தோடு. 10 என்று சிலர், 20 என்று சிலர், 10ஐயும் 20ஐயும் கூட்டி 30 என்று சிலர். ஒன்பதுக்குப் பெயர்களை எடுத்துவிட்டு மூன்று விடைகளையும் காரணங்களோடு குழுவில் போட்டு, எது எங்கே வழுக்குகிறது என்று கேட்பேன். பினோத்தலீன் நிறம் மறையும்போது காபனேற்று, ஐதரசன்காபனேற்று ஆகும் வரைதான் வந்திருக்கிறது, மீதித் தூரத்துக்கும் அதே அளவு அமிலம் வேண்டும், ஆகவே 20 என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளில் ஒருத்திதான் சொல்லி முடிப்பாள். வகுப்பில் பிழைவிடப் பயந்து வாய் திறக்காத பிள்ளை இங்கே எழுதுகிறாள். இத்தனை வருடம் வெண்கட்டியோடு நின்றும் எனக்குக் கிடைக்காத விடைகள் இவை. நான் இதற்காகத்தான் வட்ஸ்அப்பை விரும்புகிறேன், வேறொன்றுக்கும் அல்ல.

இனி விரும்பாத பக்கம். குழுவில் சேர்ந்தால் அவளுடைய இலக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தொலைபேசிகள் அண்ணன்மார், மாமாமார் கைகளிலும் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அப்படிக் கிடைத்த இலக்கத்துக்கு அறியாத ஒருவரிடமிருந்து செய்திகள் வரத் தொடங்கின. அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழுவை விட்டு விலகினாள், அதோடு பாடத்தையும் விட்டாள். காரணம் வெளியே வர இரண்டு மாதம் ஆனது. பெற்றோரின் சம்மதம் கேட்பதும், சுயவிபரப் படத்தில் முகத்தை வைக்க வேண்டாமென்று பிள்ளைக்குச் சொல்வதும், இரவு ஒன்பதரைக்குப் பின் குழுவைப் பூட்டுவதும் சிறிய வேலைகள். பாடத்திட்டத்துக்கு முன்னர் செய்ய வேண்டிய வேலைகள்.

இன்னொன்று, இந்த வழி நம்முடையதல்ல. 2018 மார்ச்சில், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின், 2022 ஏப்ரல் 3 அன்று என்று நமது நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதைக் கண்டோம். அதே 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டில் சார்ஜ் இல்லாத தொலைபேசியோடும் இருந்தோம். ஆகவே ஒரு வாரத்தின் வினாக்களைக் கடதாசியில் எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிறோம். தொலைபேசியே இல்லாத மூவருக்கும் அது உதவுகிறது.

தோழியரே, நீங்கள் அனுப்பிய டப்லெற்றுகளுக்கு நன்றி. ஆனால் அவற்றைக் கையளிக்கும் படங்களை முகநூலில் போடாதீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கையேந்தி நிற்கும் அந்தப் படம் அவளோடு பல்கலைக்கழகத்துக்கும் போகும், வேலைக்கும் போகும். கணக்கு வேண்டுமானால் பற்றுச்சீட்டை அனுப்புகிறோம்.

பணத்தைவிட எனக்கு உங்கள் குரல் வேண்டும். மெல்பேர்ணில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைசெய்யும் நம் பழைய மாணவி ஒருத்தி, நான் சொன்ன அதே நியமிப்பை நீரின் காரத்தன்மை அளக்கச் செய்வதாக நான்கு நிமிடக் குரல்பதிவு ஒன்று தமிழில் அனுப்பினாள். பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "அக்கா, நீங்களும் எங்கட வகுப்பறையிலயா இருந்தனீங்கள்?" என்று ஒருத்தி பதில் அனுப்பினாள். அடுத்த நாள் தானாகவே மூன்று கேள்விகள் வந்தன.

மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், துறை, வாரத்தில் எந்த நாள் இருபது நிமிடம் தரலாம் என்பவற்றை எழுதுங்கள். நேரத்தை இலங்கை நேரத்தில் போடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நள்ளிரவில் நாங்கள் கூப்பிடுவோம். மலரில் இதை வாசிப்பவர்கள் சங்கச் செயலாளருக்கு அறிவிக்கலாம். உயர்தரப் பௌதிகவியலுக்கு இன்னும் ஒருவரும் இல்லை.